கொய்னா மரம் வந்த வழி

ஆண்டிஸ் மலையில நடக்கணும்னா லட்சக்கணக்குல செலவு பண்ணி பெருவுக்கு டிக்கெட் எடுக்கணும்னு யாராவது சொன்னா உடனே நம்பிடாதீங்க மக்களே. கூடலூர்ல ஊட்டி பஸ் ஏறி நடுவட்டத்துல இறங்கினா பாதி ஆண்டிஸ் அங்கேயே இருக்கு. நான் சொல்றது மரம், செடி, கொடி, கிழங்கு எல்லாம் சேர்த்து. கடைசியில ஒரு புழு கூட உண்டு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

நான் பொறந்து வளர்ந்தது கூடலூர் பக்கம். இப்ப சுவிட்சர்லாந்துல ஓல்டன்ங்கிற ஊர்ல மேல்படிப்புங்கிற பேர்ல குப்பை கொட்டிட்டு இருக்கேன். கூடப் படிக்கிற பெரு நாட்டுப் பொண்ணு ஒருத்தி, லீவுல இன்கா பாதையில நடந்துட்டு வந்து போட்டோ காட்டினா. 43 கிலோமீட்டர், நாலு நாள். ரயில் பாதையோட 82-வது கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு மச்சு பிச்சுவுல முடியுது. நடுவுல 4,200 மீட்டருக்கு மேல ஒரு கணவாய். கெச்சுவா மொழியில அதோட பேருக்கு "செத்துப்போன பெண்"னு அர்த்தமாம். அதுக்குக் கிட்ட மரப்பட்டை காகிதம் மாதிரி உரிஞ்சு தொங்குற பாலிலெபிஸ் மரங்கள். கணவாயைத் தாண்டிக் கீழ இறங்கினா மேகக்காடு, பெரணி, ஆர்கிட் பூ, தேன்சிட்டு. இடையில வர்ற ஒரு இடிபாட்டுக்கு வின்யாய் வைனான்னு பேரு. "என்றும் இளமை"ன்னு பொருள், அங்க பூக்குற ஒரு ஆர்கிட்டோட பேராம் அது. ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி, அதுல சுமை தூக்குறவங்களும் அடக்கம். பிப்ரவரி மாசம் முழுக்க பாதையை மூடிடுவாங்க.

போட்டோவைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரே குழப்பம். ஆளைத் தூக்கிட்டா இது நம்ம அவலாஞ்சி பக்கம்தானே! மலை உச்சியில புல்வெளி, பள்ளத்துல மூட்டமா குட்டை மரக்காடு, மேல மேகம். உயரமும் ஈரமும் ஒத்துப்போனா காடும் ஒத்துப்போகும் போல. இந்த ஒத்துமையை என்னை மாதிரி ஒருத்தன் வேடிக்கை பாத்துட்டு விட்டுடுவான். 1859-ல லண்டன்ல ஒருத்தர் விடல. அங்கதான் நம்ம கதை ஆரம்பிக்குது.

அவர் பேரு கிளெமென்ட்ஸ் மார்க்கம். இந்தியா ஆபீஸ்ல குமாஸ்தா, வயசு முப்பதுக்குள்ள. அவர்கிட்ட ஒப்படைச்ச வேலை: ஆண்டிஸ் காட்டுல இருந்து சிங்கோனா மரத்தோட விதையையும் கன்னையும் எடுத்துட்டு வந்து இந்தியாவுல வளர்க்கணும். சிங்கோனா பட்டையில இருந்துதான் கொய்னா. நம்ம பாட்டிமாருக்கு "கொய்னா"ன்னாத்தான் தெரியும், "குயினைன்"னு சொன்னா முழிப்பாங்க. முறைக்காய்ச்சலுக்கு அதை விட்டா அன்னைக்கு வேற மருந்தே கிடையாது. காய்ச்சல் எதனால வருதுன்னும் யாருக்கும் தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காத்துன்னு நம்பி "மலேரியா"ன்னு இத்தாலிய மொழியில பேரு வெச்சுட்டு உக்காந்திருந்தாங்க. கொசு மேட்டரை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897-ல. நோய்க்குக் காரணம் தெரியாம, மருந்து மட்டும் தெரிஞ்சு இருநூறு வருஷத்துக்கு மேல ஓட்டியிருக்கு உலகம்!

மருந்தைக் கண்டுபிடிச்சது யாருன்னா புஸ்தகத்துல ஒரு கதை வரும். லிமாவுல இருந்த ஸ்பெயின் வைஸ்ராயோட பொண்டாட்டி, சின்சோன் சீமாட்டி, காய்ச்சல்ல படுத்தாங்க, பட்டைக் கஷாயம் குடிச்சாங்க, பொழச்சாங்கன்னு. அழகான கதை, ஆனா நிக்காது. வைஸ்ராயோட அன்றாட நிகழ்ச்சிக் குறிப்புல அப்படி எதுவுமே இல்லைன்னு பின்னாடி பார்த்துச் சொல்லிட்டாங்க. அதுக்குள்ள 1742-ல லின்னேயஸ் அந்தம்மா பேரையே மரத்துக்கு வெச்சுட்டார், அதையும் ஒரு எழுத்தை விழுங்கிட்டு. மலையில இருந்தவங்க பட்டையை என்ன பண்ணாங்க, எப்படிக் கத்துக்கிட்டாங்கங்கிற கதைக்கு எழுதி வைக்க ஆள் இல்லை. சீமாட்டி கதைக்கு இருந்தாங்க.

1820-ல பாரிஸ்ல பெல்லட்டியே, காவென்டூன்னு ரெண்டு பேர் பட்டையில இருந்து கொய்னாவைத் தனியாப் பிரிச்சதும் கிராக்கி எகிறிடுச்சு. பட்டை எடுக்குறவங்களுக்கு ஸ்பானிஷ்ல காஸ்கரியேரோ. காட்டுக்குள்ள வாரக்கணக்குல திரிஞ்சு, இலையோட மினுமினுப்பைத் தூரத்துல இருந்து பார்த்தே இது எந்த ரகம்னு சொல்லிடுவாங்க. மரத்தை வெட்டிச் சாய்ச்சுத்தான் பட்டை உரிக்கிறது. காடு கரைஞ்சுட்டே வந்துச்சு. மார்க்கம் தரப்பு நியாயமும் இதுதான்: "நாங்க எடுத்துட்டுப் போய் வளர்க்கலேன்னா மரமே அழிஞ்சுடும்." முழுப் பொய்னு சொல்ல முடியாது. பட்டாளத்துக்கும் ரயில்வே வேலைக்கும் கொய்னா வாங்கியே கஜானா காலியாகுதுங்கிறதுதான் அவசரத்துக்குக் காரணம். அதையும் சேர்த்துச் சொல்லணும்.

1860-ல மார்க்கம் பெருவோட காரபாயா மலைக்குள்ள இறங்குறார். கூட ஜான் வியர்னு ஒரு தோட்டக்காரர். விஷயம் கசிஞ்சு, மார்ட்டெல்னு ஒரு முன்னாள் ராணுவ ஆள், ஒரு கன்னு கூட வெளிய போகக்கூடாதுன்னு ஊரைக் கிளப்பி விட்டுட்டார். மார்க்கம் வழக்கமான பாதையை விட்டுட்டு ஆளில்லாத மலைமேட்டு வழியா கன்னுகளோட தப்பிச்சு வந்து கப்பல் ஏத்தினார். அந்தக் கன்னுங்க பனாமாவுல இறங்கி, இங்கிலாந்து போய், அங்கிருந்து எகிப்து, செங்கடல் வழியா கோழிக்கோடு வந்து சேர்ந்துச்சு. செங்கடல் வெயில்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெந்து, ஊட்டி வந்ததும் எல்லாம் செத்துப்போச்சு. அவ்ளோ ஓட்டமும் வீண்.

காரியத்தை முடிச்சது வேற ஆளுங்க. ஈக்வடார்ல சிம்போராசோ மலையடிவாரத்துல ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ்னு ஒரு தாவரவியல்காரர். உடம்பு முடியாம, நடக்கவே சிரமப்படுற நிலையில, உள்நாட்டுச் சண்டைக்கு நடுவுல உக்காந்து சிவப்புப் பட்டை ரகத்தோட விதை ஒரு லட்சம் சேர்த்தார். நிலம் வெச்சிருந்தவங்களுக்குப் பணம் கட்டி அனுமதியும் வாங்கியிருக்கார். கூட இருந்த ராபர்ட் கிராஸ் 600-க்கும் மேற்பட்ட கன்னுகளைத் தெப்பத்துல ஏத்தி ஆத்து வழியா குவாயாகிலுக்குக் கொண்டுபோய், 1861-ல நீலகிரிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். அதுல பெரும்பகுதி பொழச்சுச்சு. அதே 1861-ல ஈக்வடார் அரசு சிங்கோனா விதை, கன்னு ஏற்றுமதிக்குத் தடை போட்டுச்சு. கப்பல் கிளம்பினதுக்கு அப்புறம்!

"திருட்டு"ன்னு ஒரு வார்த்தையில முடிக்கிறவங்களுக்கும், "உலகத்தைக் காப்பாத்தினாங்க"ன்னு முடிக்கிறவங்களுக்கும் இந்தக் கதை ஒத்துவராது. எனக்கு உறுத்துறது ரெண்டுமே இல்லை, மமானி கதை.

மனுவேல் இன்க்ரா மமானி, பொலிவியாவுல ஐமாரா இனத்து ஆள். சார்லஸ் லெட்ஜர்ங்கிற ஆங்கிலேய வியாபாரிக்கிட்ட வேலை பார்த்தவர். எந்த மரத்துப் பட்டையில சரக்கு அதிகம்னு பார்வையிலேயே சொல்றவர். நல்ல மரங்களா பார்த்து வெச்சு, பூ பனியில கருகாம விதை பிடிக்கிற வருஷத்துக்காகப் பல வருஷம் காத்திருந்து, 1865-ல விதை கொண்டுவந்து கொடுத்தார். பிரிட்டிஷ்காரங்க அதுல அக்கறை காட்டல. டச்சுக்காரங்க ஒரு பவுண்டு விதையைச் சொற்ப விலைக்கு வாங்கி ஜாவாவுல போட்டாங்க. போட்டது ஜாக்பாட். நம்ம நீலகிரிச் சிவப்புப் பட்டையில கொய்னா கம்மி. மமானி கொடுத்த ரகத்துல பத்து சதவீதத்துக்கும் மேல. 1930-கள்ல உலகக் கொய்னா வியாபாரத்துல பத்துல ஒன்பது பங்கு ஜாவாவோடது. அப்புறம் ஒரு தடவை விதை எடுக்கப் போன மமானியைப் பொலிவியாவுல பிடிச்சு, யாருக்காக எடுக்கிறேன்னு கேட்டு அடிச்சு, ஜெயில்ல போட்டுட்டாங்க. வெளிய வந்த கொஞ்ச நாள்ல இறந்துட்டார். அவர் கண்டுசொன்ன ரகத்துக்கு வெச்ச பேரு சிங்கோனா லெட்ஜரியானா. லெட்ஜர் பேரு!

நிற்க. இங்க ஓல்டன் பத்தி ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். இந்த ஊர் ரயில்வே ஸ்டேஷன்ல ஒரு சாப்பாட்டுக்கடை இருந்துச்சு. அங்கதான் 1863 ஏப்ரல் 19 அன்னைக்கு 35 ஆம்பளைங்க கூடி சுவிஸ் ஆல்பைன் கிளப்பை ஆரம்பிச்சாங்க. நாலா பக்கத்து ரயிலும் இங்க கூடுறதால எல்லாருக்கும் வசதி. சிம்லர்னு ஒரு பேராசிரியர்தான் ஏற்பாடு. காரணம் சுத்தமான ரோஷம்! லண்டன்ல 1857-லயே ஆல்பைன் கிளப் வந்தாச்சு, இங்கிலீஷ்காரங்க வந்து நம்ம மலையில ஏறி, அளந்து, புஸ்தகம் போடுறாங்க, நம்ம மலையைப் பத்தி நாம அவங்க புஸ்தகத்தைப் பார்த்தா தெரிஞ்சுக்கிறதுன்னு. குடிசை கட்டினாங்க, வரைபடம் போட்டாங்க. 1934-ல மஞ்சள் கைகாட்டி போடுற சங்கம் வேற வந்துச்சு. இன்னைக்கு நாடு பூரா 65,000 கிலோமீட்டர் நடைபாதை. ஒவ்வொரு மஞ்சப் பலகையிலும் அடுத்த இடத்துக்கு எத்தனை மணி நேரம்னு எழுதியிருக்கும்.

அதே 1860-கள். அதே இங்கிலீஷ்காரங்க. சுவிஸ்காரனுக்கு ரோஷப்பட்டு கிளப் வைக்க முடிஞ்சுது. நீலகிரியில தோடருக்கு என்ன முடிஞ்சுது? எருமை மேய்ச்ச புல்வெளி கணக்குல "தரிசு"ன்னு எழுதப்பட்டுச்சு. ஊட்டி அரசாங்கத் தோட்டத்துப் பொறுப்பாளர் வில்லியம் கிரஹாம் மெக்கைவர் தொட்டபெட்டா சரிவுலயும், நடுவட்டத்துலயும், பைக்காராவுலயும் கன்னு நட்டுட்டார். மெக்கைவரைத் திட்டவும் மனசு வரல, மனுஷன் தொழில் தெரிஞ்சவர். மரத்தை வெட்டாம, பட்டையைப் பட்டைபட்டையா கொஞ்சம் உரிச்சு, உரிச்ச இடத்துல ஈரப்பாசி வெச்சுக் கட்டினா பட்டை மறுபடி வளருது, அதுல சத்தும் கூடுதுன்னு கண்டுபிடிச்சார். ஆண்டிஸ்ல மரத்தைச் சாய்ச்சவங்களோட ஒப்பிட்டா இது பெரிய விஷயம்தான்.

சரி, குழி வெட்டினது யாரு? நடுவட்டத்துல ஒரு பழைய ஜெயில் கட்டடம் இன்னும் நிக்குது. மலாய் ஜலசந்திப் பக்கத்துல இருந்து மதராஸ் சிறைகளுக்கு அனுப்பப்பட்ட சீனக் கைதிகளை இங்க கொண்டாந்து சிங்கோனா தோட்டத்துல வேலை வாங்கினாங்க. தண்டனை முடிஞ்சு சிலர் ஊர் திரும்பல. தமிழ்ப் பொண்ணுங்களைக் கட்டிக்கிட்டு, காய்கறி போட்டு, மாடு வெச்சுக்கிட்டு நடுவட்டத்துக்கும் கூடலூருக்கும் நடுவுலயே தங்கிட்டாங்க. மதராஸ் மியூசியம் எட்கர் தர்ஸ்டன் அவங்க பிள்ளைகளை நிக்க வெச்சு மூக்கு, தலையெல்லாம் அளந்து எழுதி வெச்சிருக்கார். எங்க ஊருக்கு மேல பத்துப் பன்னெண்டு கிலோமீட்டர்ல நடந்த கதை. இதை எனக்குப் பள்ளிக்கூடத்துல யாரும் சொல்லித் தரல.

மருந்து விஷயத்துல மதராஸ் செஞ்ச ஒரு நல்ல காரியத்தை மறைக்கக் கூடாது. சிவப்புப் பட்டையில கொய்னா கம்மி, ஆனா அதோட பங்காளிங்களான வேற மூணு காரச்சத்து நிறைய. அதெல்லாம் வேலை செய்யுமா? 1866-ல ஒரு மதராஸ் கமிஷன் போட்டு, ரெண்டு வருஷத்துல சுமார் 3,600 காய்ச்சல்காரங்களுக்கு நாலையும் தனித்தனியா கொடுத்துப் பார்த்தாங்க. நாலுமே கிட்டத்தட்ட சமமா வேலை செய்யுதுன்னு வந்துச்சு. மருந்தை இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற பரிசோதனை அந்தக் காலத்துக்கு ரொம்பப் பெரிய அளவு. அதுக்கப்புறம்தான் மலிவான பட்டைச் சத்து ஏழைக்கும் எட்டும்னு நம்பிக்கை வந்துச்சு. வங்காளத்துல 1892-ல இருந்து தபால் ஆபீஸ்லயே காலணாப் பொட்டலமா கொய்னா வித்தாங்க. நடுவட்டத்துல அரசாங்கக் கொய்னா ஃபேக்டரியும் வந்துச்சு. ஆனா பட்டாளத்துக்குப் போனது போகத்தான் பொட்டலம். வயநாட்டுக்கும் கூடலூருக்கும் கீழ்நாட்டுல இருந்து வேலைக்கு வந்து காய்ச்சல்ல விழுந்தவங்களுக்கு எத்தனை பொட்டலம் கிடைச்சிருக்கும்னு யோசிச்சா மனசு கனக்குது.

இலங்கைக் கதையை வேகமா சொல்லிடறேன். 1861-ல நுவரெலியா பக்கம் ஹக்கலையில சிங்கோனாவுக்காகவே ஒரு தோட்டம் போட்டாங்க. 1869-ல காப்பியில இலைத்துரு நோய் வந்து காப்பி படுத்ததும், துரைமாருங்க கூட்டமா சிங்கோனாவுக்குத் தாவினாங்க. எல்லாரும் தாவினா என்ன ஆகும்? 1880-கள்ல பட்டை குவிஞ்சு விலை பாதாளத்துக்குப் போச்சு. மரத்தைப் பிடுங்கிட்டுத் தேயிலை. காப்பி, சிங்கோனா, தேயிலை, மூணுக்கும் முதுகு ஒண்ணுதான், கடல் தாண்டிப் போன தமிழன் முதுகு. எங்க தாத்தா அந்த வம்சம். 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துல கப்பல் ஏறி, மண்டபம் கேம்ப்ல இருந்து, கூடலூர் வந்து மறுபடியும் தேயிலையிலதான் நின்னார். இங்க எங்களுக்கு "சிலோன்காரங்க"ன்னு பேரு. அங்க "இந்தியாக்காரங்க". செடிக்கு மட்டும் இந்தப் பிரச்சினை இல்லை, நட்ட இடத்துல அந்த ஊர்க்காரனாயிடுது.

நான் சொன்ன புழுவுக்கு வர்றேன். ஊட்டி உருளைக்கிழங்குன்னு நாம பெருமையா கூவுற கிழங்கு ஆண்டிஸ் சரக்கு. டிட்டிகாகா ஏரியைச் சுத்தின மேட்டுல ஆயிரக்கணக்கான வருஷமா வளர்க்குறாங்க. படுகர்கள் அதைத் தங்கள் சொந்தப் பயிராவே ஆக்கிட்டாங்க. 1961-ல நீலகிரி வயல்ல, வேர்ல கடுகு மாதிரி மஞ்ச மணிகளா ஒட்டிக்கிட்டிருந்த ஒரு நூற்புழுவைக் கண்டுபிடிச்சாங்க. அந்தப் புழுவுக்கும் சொந்த ஊர் ஆண்டிஸ்தான்! கிழங்கைத் தேடி அங்கிருந்து இங்க வரைக்கும் வந்திருக்கு. 1971-ல நீலகிரி விதைக்கிழங்கு வெளிய போகத் தடையே போட்டாங்க. ஊட்டி மார்க்கெட்ல விக்கிற மரத்தக்காளியும் ஆண்டிஸ். வேலியில ரோஸ் கலர்ல நீளக் குழாய் மாதிரி தலைகீழாத் தொங்குற பேஷன் ஃப்ரூட் கொடி இருக்கே, அதுவும் அங்கதான். சொந்த ஊர்ல அதுக்குன்னே ஒரு தேன்சிட்டு உண்டு, உடம்பை விட அலகு நீளம். நம்ம ஊர்ல அந்தச் சிட்டு இல்லை, இருந்தும் கொடி காடு பூரா ஏறி சோலை மரங்களைப் போர்த்தி அமுக்குது. செடி கடல் தாண்டிடுச்சு, பறவை தாண்டல.

பறவைன்னதும் இன்னொண்ணு. நம்ம சோலைக்காட்டுப் பறவைங்க அடுத்த மலைக்குக் கூடப் போறதில்லை, கடல் எங்க தாண்டறது! பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்க இருக்குற நீல ராபின் வேற, தெக்க பழநி, ஆனமலையில இருக்குறது வேற இனம். சமவெளி வெயில்ல இறங்கத் தெரியாம, மலைத் தீவு மாதிரி தனித்தனியா லட்சக்கணக்கான வருஷம் வாழ்ந்ததோட பலன். 2017-ல ஆராய்ச்சிக்காரங்க மரபணுவெல்லாம் பார்த்து, இந்த ராபின்களை ஒரு தனிப் பேரினமா பிரிச்சு ஷோலிகோலான்னு பேரு வெச்சாங்க. நம்ம "சோலை"தான் அது! நீலகிரிச் சிரிப்பானுக்கும் சொந்தமா ஒரு பேரினம் கிடைச்சுது. சுவிஸ்காரர் யோஹான் யாகோப் ஃபொன் ச்சூடி 1838-ல பெருவுக்குப் போய் நாலு வருஷம் அலைஞ்சு அந்த நாட்டு விலங்கு, பறவை பத்தித் தடித் தடியா எழுதினார். அவர் தம்பி ஃப்ரீட்ரிஹ் ஆல்ப்ஸ் விலங்குகளைப் பத்தி எழுதினார். நம்ம சோலைப் பறவைகளுக்கு ஒழுங்கான பேரு கிடைக்க 2017 ஆயிருக்கு, ஆனா ஒரு தமிழ்ச்சொல் அதுல ஒட்டிக்கிட்டிருக்கு. எனக்கு அது போதும்.

இரண்டாம் உலகப்போர்ல, 1942-ல, ஜப்பான் ஜாவாவைப் பிடிச்சதும் நேச நாடுகளுக்குக் கொய்னா வரத்து நின்னுபோச்சு. ஒதுக்கி வெச்சிருந்த நம்ம நீலகிரி, ஆனமலை மரங்களுக்கு திடீர் மவுசு. போர் முடிஞ்சதும் குளோரோகுயின் மாத்திரை வந்து கதையை முடிச்சுது. மரம் இருந்த சரிவெல்லாம் மெல்ல மெல்லத் தேயிலையாச்சு. வால்பாறையில சிங்கோனான்னு ஊர் பேரே இருக்கு, அங்கயும் இப்ப தேயிலைதான். பெரு நாட்டுச் சின்னத்துல 1825-ல இருந்தே சிங்கோனா மரம் இருக்கு. காட்டுல நல்ல மரமா பார்க்கத்தான் இப்ப ரொம்ப அலையணும். அந்த இன்கா பாதையில சுமை தூக்குறவங்களுக்கு 20 கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாதுன்னு சட்டம் வந்ததே 2001-லதான்.

நடுவட்டம் போறவங்களுக்கு: காலையில சீக்கிரம் போங்க, பனி இறங்கினா எதுவும் தெரியாது. தேயிலைக்கு நடுவுலயும் ரோட்டோரத்துலயும் பெரிய இலை, சிவந்த காம்பு, கொத்தா வெளிர் ரோஸ் பூவோட மரம் நின்னா அது சிங்கோனாவா இருக்க வாய்ப்பு அதிகம். பட்டையைக் கிள்ளி நாக்குல வைக்காதீங்க, அன்னைக்குப் பூரா சோறு இறங்காது. சோலைக்குள்ள போறதுக்கு வனத்துறை அனுமதி வேணும். உள்ள போக முடியலேன்னாலும் ஓரத்துல சத்தம் போடாம கொஞ்ச நேரம் நின்னீங்கன்னா சிரிப்பான் கத்துறது கேக்கும்.